கைப்பின் தரம்: இந்தியா பேல் ஏலின் வரலாறு



ஒரு பானத்தின் பெயரிலே இந்தியா இருக்கின்றது. ஆனால், அது பிறந்த இடம் இங்கிலாந்து. இன்று அது பெரும் புகழோடு விளங்கும் இடம் அமெரிக்கா. "இந்தியா பேல் ஏல்" என்பது அப்பானத்தின் பெயர். வெளிறிய நிறமுடைய ஒருவகைப் பியர் என்று அதற்குப் பொருள் கூறலாம். சிறிய ஆலைகளிலே கைப்பக்குவமாகப் பியர் காய்ச்சுவோர் இக்காலத்தில் உலகின் பல நகரங்களிலும் உளர். அவர்கள் ஆக்கிய பியரை வரிசையாக வைத்துச் சுவைத்து, புள்ளியிட்டு, பரிசு வழங்கும் போட்டிகளும் பல. அமெரிக்கப் போட்டிகளில் மிகுதியானோர் முன்வரும் வகுப்புகளுள் இந்தியா பேல் ஏல் வகுப்பு முன்னிற்பது.

மது நன்றோ தீதோ என்னும் வழக்கை இப்பேச்சு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பொருளைச் சுவைத்து, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறியோர் எந்த அளவுகோலைக் கையிற் கொண்டு கூறினர், அந்த அளவுகோல் இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு தலைகீழாய்ப் போயிற்று என்பதே நாம் ஆராயப் புகும் விடயம்.

முதலிற் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பார்லித் தானியத்தை நனைத்து முளைக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அச்சாற்றில் ஹொப் என்னும் கொடியின் பெண்பூங்கொத்துகளை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவர். கரி புகையில்லாத எரிபொருளால் மெதுவாக உலர்த்திய தானியம் வெளிறிய பியரைத் தரும். கருக வறுத்த தானியம் போர்ட்டர் எனப்படும் கரும்பியரைத் தரும். ஹொப் பூ இரண்டு தொழில் செய்வது. கைப்பும் மணமும் கொடுப்பது ஒன்று. பியரைப் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்களை அடக்கிவைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது தொழிலே நமது கதைக்கு வித்து.

இலண்டன் மாநகரின் கிழக்கோரத்தில், லீ என்னும் சிற்றாற்றின் கரையில், போ என்றோர் ஊர். அங்கே 1752ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் என்பவர் பியர் ஆலையொன்றை நடத்திவந்தார். அது பெரிய ஆலையன்று. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் தங்கும் பிளாக்வோல் துறை அதற்கு மிக அண்மையில் இருந்தது. அக்கப்பல்களின் தலைவர்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கில் ஓரளவு சரக்கேற்றி வாணிகம் செய்யும் உரிமை உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் துணியும் பட்டும் வாசனைப் பண்டங்களும் நிறைந்து வந்தன. இங்கிலாந்திலிருந்து புறப்படும் கப்பல்களிலோ இடம் மிகுந்திருந்தது, கூலியும் குறைவு. ஹொட்ஜ்சன் அத்தலைவர்களுக்குப் பன்னிரண்டு, பதினெட்டு மாதத் தவணையிற் பியரைக் கடனாகக் கொடுத்தார். கல்கத்தாவில் விற்றுத் திரும்பியபின் பணம் கொடுத்தாற் போதும். அயலிலே உள்ளவன், கடன் தருபவன்: வாணிகத்தில் இவ்விரண்டுக்கும் மேலான தகுதி வேறு யாது?

இனி, பலரும் நம்பும் ஒரு கதையைக் குறிப்பிடல் வேண்டும். இந்தியாவுக்குச் செல்லும் பியர் எல்லாம் வழியிலே கெட்டுப் புளித்தது என்றும், ஹொட்ஜ்சன் அதற்கு மாற்றாக மதுசாரமும் ஹொப்பும் மிகுந்த புதுப் பியரொன்றைக் கண்டுபிடித்தார் என்றும் அக்கதை கூறும். போத்தல்களின் மேலொட்டிய தாள்களிலும் இது அச்சாகி வருகின்றது. வரலாற்றுச் சான்றுகளோ இதற்கு இடந்தரவில்லை. வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பியருக்கு ஹொப்பை மிகுதியாக இடுக என்று 1760களிலேயே தொழில் தெரிந்தோர் அறிவுரை கூறியுள்ளனர். 1784ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் பேல் ஏல் விற்பனைக்கு உண்டென விளம்பரம் வந்துள்ளது. கரிய போர்ட்டரும் அதே கப்பல்களிற் சென்று கெடாமலே கரைசேர்ந்தது. படைவீரர் அருந்தியது பெரும்பாலும் அதுவே. வெளிறிய ஏல் அதிகாரிகளுக்கும் வணிகருக்கும் உரியதாயிற்று. மதுசாரமும் அதில் அளவுக்கு மிஞ்சியதன்று. நூற்றுக்கு 6 அல்லது 7 பங்குதான். அக்கால இங்கிலாந்தில் அதனினும் வலிய பியர் பல இருந்தன. ஐப்பசி மாதத்திற் காய்ச்சி, நாட்டுப்புறப் பெருமனைகளின் நிலவறைகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடும் ஒக்டோபர்ப் பியர் என்றொரு வகை இருந்தது. ஹொட்ஜ்சன் அனுப்பியது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கண்டுபிடித்தவர் ஹொட்ஜ்சன் அல்லரெனில், வேறு யார்? அந்தப் பெருமையிற் பெரும்பங்கு கடலுக்கே உரியது எனலாம். இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நான்கு முதல் ஆறு மாதப் பயணம். அத்திலாந்திக்கிலே ஒருமுறை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றியபின் இந்து சமுத்திரத்திலே மறுமுறை என, கப்பல் பூமத்திய ரேகையை இருமுறை கடக்கும். மரப்பீப்பாக்கள் கப்பலின் அடித்தட்டிற் குலுங்கியபடி குளிரிலிருந்து வெப்பத்துக்கும், வெப்பத்திலிருந்து குளிருக்கும், மீண்டும் வெப்பத்துக்கும் மாறிமாறிச் சென்றன. நிலவறையில் ஈராண்டு கிடந்து அடையும் முதிர்ச்சியைப் பியர் சில மாதங்களில் அடைந்தது. பீப்பாவின் மரத்தில் ஊறியிருந்த வேறொருவகை மதுவம், முதல் நொதிப்பில் எஞ்சிய இனிப்பையும் மெல்ல மெல்லத் தின்று தீர்த்தது. கரைசேர்ந்தபோது பியர் தெளிந்து, இனிப்பு வற்றி, நுரைத்துப் பொங்கும் தன்மையுடையதாய் இருந்தது. அந்த மதுவத்துக்குப் பெயரிட்டவர் டென்மார்க் நாட்டு அறிஞர் நீல்ஸ் கிளௌசன். கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த அவர், இங்கிலாந்தின் முதிர்ந்த ஏல்களுக்குத் தனிச்சுவை தருவது இதுவே என்று 1904ஆம் ஆண்டில் அறிவித்தார். பிரெட்டனோமைசீஸ் என்னும் அப்பெயருக்குப் "பிரித்தானியப் பூஞ்சணம்" என்று பொருள்.

கல்கத்தாவில் இப்பியரை மதிப்பிட்டோர் எதனை நாடினர்? நிறம் வெளிறியிருத்தல் வேண்டும், கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் தெளிவாய்த் தோன்றல் வேண்டும், நுரை எழல் வேண்டும், கைப்பு முனைப்பாயினும் முதிர்ந்து பதப்பட்டதாதல் வேண்டும், புளிப்புத் தலைகாட்டலாகாது. போத்தல்களை வெடியுப்புக் கரைத்த நீரில் வைத்துக் குளிர்விப்பதற்கென்றே வீடுகளில் ஏவலாளர் இருந்தனர். 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய கப்பல் கல்கத்தாவை அடைந்தபின் இத்தொல்லை குறைந்தது. உள்ளூரிலேயே காய்ச்சலாகாதோ எனின், நொதிப்பு நன்கு நிகழக் குளிர்ச்சி வேண்டும். ஆதலின், பின்னாளில் எழுந்த ஆலைகள் மலைப்பாங்கான இடங்களையே நாடின. மறீ மலைச்சாரலில் 1860இல் ஆலை எழுந்தது. நமது நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயரோடு இலங்கைப் பியர்த் தொழிலின் தொடக்கம் இணைத்துப் பேசப்படுவதும் அக்குளிரின் பயனே.

ஹொட்ஜ்சன் குடும்பத்தின் பிற்றலைமுறையினர் 1820களின் தொடக்கத்திற் பேராசைப்பட்டனர். கப்பற்றலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே சரக்கை அனுப்பி, கடனை நிறுத்தி, விலையையும் உயர்த்தினர். கம்பனியின் இயக்குநர்களில் ஒருவரான கம்பல் மார்ஜோரிபாங்க்ஸ் இதனாற் சினமுற்றார். 1822ஆம் ஆண்டில் அவர் பேர்ட்டன் நகர ஆலையதிபர் சாமுவேல் ஓல்சொப்பை விருந்துக்கு அழைத்து, இந்தியச் சந்தையை அவருக்குச் சுட்டிக்காட்டினார் என்பர். தக்க வேளையில் வந்த யோசனை அது. பேர்ட்டன் ஆலைகள் அதுவரை இனிப்பும் வலிமையும் மிகுந்த கருநிறப் பியரை இரசியாவுக்கு விற்றுவந்தன. இரசியா விதித்த சுங்கவரியால் அவ்வாணிகம் அற்றுப்போயிருந்தது. ஹொட்ஜ்சனின் பியரிற் சிறிதளவைச் சுவைத்த ஓல்சொப், அதுபோன்ற ஒன்றை ஆக்குமாறு தம் ஆலையில் தானியம் முளைக்கவைக்கும் ஜோப் குட்ஹெட் என்பவரைப் பணிக்க, அவர் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கேத்தலிற் காய்ச்சினாராம். முப்பது ஆண்டுகளின் பின் நூலேறிய கதை இது. கேத்தல் மெய்யோ பொய்யோ, 1823ஆம் ஆண்டில் ஓல்சொப்பின் பியர் இந்தியாவுக்குக் கப்பலேறியது மெய். பாஸ் முதலிய பிற பேர்ட்டன் ஆலைகளும் பின்தொடர்ந்தன. பத்தாண்டுகளுக்குள் போ நகர ஆலை பின்னடைந்தது.

பேர்ட்டனின் வெற்றிக்கு விலையும் கடனும் மட்டும் காரணமல்ல. அந்நகரின் கிணற்றுநீர் ஜிப்சப் படிவங்களினூடே ஊறி வருவது. கல்சியம் சல்பேற்று நிறைந்தது. அத்தகைய நீரில் ஹொப்பின் கைப்பு கூர்மையாகவும், நாவிற் கரகரப்பு எஞ்சாததாகவும் அமையும். பியரும் நன்கு தெளியும். இலண்டன் நீரிற் காபனேற்று மிகுதி. கரிய போர்ட்டருக்கு அது பொருந்தியது. வெளிறிய பியரில் ஹொப்பை மிகுதியாக இட்டால் முரட்டுக் கைப்பையே தந்தது. காரணத்தை இரசாயனம் விளக்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே கல்கத்தா மக்களின் நாக்கு இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டது. ஆலைக்காரர் பின்னர் வேறிடங்களில் நீரிலே ஜிப்சம் கலந்து பேர்ட்டன் நீரைப் போலச் செய்யக் கற்றனர்.

பெயர் பிறந்த கதையும் விந்தையானது. அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய சான்று இந்தியாவினதுமன்று, இங்கிலாந்தினதுமன்று. 1829ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பத்திரிகையில் வந்த "கிழக்கிந்திய பேல் ஏல்" என்னும் விளம்பரமே அது. இந்தியாவிலிருந்து திரும்பியோர் தாய்நாட்டிலும் அதே சுவையைக் கேட்டனர். 1839இற் பேர்ட்டனுக்கு இரயில்பாதை வந்தபின் அப்பியர் இங்கிலாந்து முழுவதும் பரவியது.

பரவிய வேகத்திலேயே பழியும் வந்தது. நேயர்கள் எட்டிமரத்தை அறிவர். "எட்டிக்காயாய்க் கசக்கிறது" என்று நாம் வழக்கிற் சொல்வதும் உண்டு. அந்த எட்டியின் விதையிலிருந்து எடுக்கப்படும் கொடிய நஞ்சுக்கு ஸ்ட்ரிக்னின் என்று பெயர். 1852ஆம் ஆண்டிற் பாரிஸ் நகர இரசாயன அறிஞர் பயன் என்பவர், இங்கிலாந்தின் கைப்புப் பியருக்கு இந்நஞ்சு சேர்க்கப்படுகின்றது என்று விரிவுரையொன்றிற் கூறியதாகச் செய்தி பரவியது. இவ்வளவு கைப்பு ஒரு பூவினால் மட்டும் வருமா என்று ஐயுற்றோருக்கு அது போதுமானதாயிற்று. மக்கள் அஞ்சினர், ஆலைகள் கலங்கின. ஓல்சொப் நிறுவனம் தோமஸ் கிரஹம், ஒகஸ்ட் ஹொஃப்மன் என்னும் இரு பேரறிஞரிடம் சோதனையை ஒப்படைத்தது. அவர்கள் பியரில் நஞ்சின் சுவடும் இல்லையென்று காட்டியதோடு, அருமையான வாதமொன்றையும் முன்வைத்தனர்: பேல் ஏலின் கைப்பை ஸ்ட்ரிக்னினால் உண்டாக்க வேண்டுமாயின், அதற்குத் தேவைப்படும் அளவு குடிப்பவனைக் கொன்றேவிடும். அன்றியும், எட்டியின் கைப்பு நாவிலே நெடுநேரம் ஒட்டிநிற்பது. ஹொப்பின் கைப்போ மணத்தோடு வந்து சிறிதுநேரத்தில் விலகிவிடுவது. கைப்பு என்று ஒரே சொல்லாற் குறிக்கப்படுவனவற்றுள்ளும் வகை உண்டு, அவற்றைப் பயின்ற நா பிரித்தறியும் என்பதை இவ்வழக்கு நிலைநாட்டியது. "லான்செற்" மருத்துவ இதழ் சார்பில் நிகழ்ந்த சோதனையும் பியரைக் குற்றமற்றதென்றே கண்டது. லீபிக் என்னும் ஜேர்மானிய அறிஞரின் பாராட்டும் சேர, வந்த பழி விளம்பரமாய் மாறிற்று. வணிகருக்கு இதில் வருத்தம் இருந்திராது.

இதன் பின்னுள்ள இறங்குமுகத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. குளிர்சாதனமும் ஜேர்மானிய லாகர்ப் பியரும் வந்தன; மதுசார அளவுக்கேற்ற வரி உயர்ந்தது; முதலாம் உலகப்போரிலே தானியத் தட்டுப்பாடு நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இப்பெயரோடு விற்ற பியர் சிலவற்றில் மதுசாரம் நூற்றுக்கு நான்கு பங்கும் இல்லை. பெயர்ப்பலகை இருந்தது, பண்டம் போய்விட்டது.

அதனை மீட்டெடுத்தோர் அமெரிக்கர். 1972ஆம் ஆண்டில் ஒரிகன் மாநிலத்திலிருந்து கஸ்கேட் என்னும் புதிய ஹொப் இனம் வெளிவந்தது. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்து ஹொப்பில் மண்ணும் மூலிகையும் கலந்த அடக்கமான மணம் வீசும். கஸ்கேட்டிலோ பம்பளிமாசு போன்ற பழங்களின் மணம் மூக்கைத் துளைக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரின் அங்கர் ஆலையை நடத்திய பிரிட்ஸ் மேற்றாக் 1975இல் இவ்வின ஹொப்பைத் தாராளமாக இட்டு "லிபர்ட்டி ஏல்" என்பதனை ஆக்கினார். (அந்த ஆலை 2023இல் மூடப்பட்டது.) வீட்டிலே பியர் காய்ச்ச இடமளிக்கும் சட்டத்தில் 1978இற் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்டபின் ஆயிரக்கணக்கானோர் இத்தொழிலைக் கற்றனர். கொலராடோவில் 1982இற் தொடங்கிய பெருவிழாவின் போட்டியில் 1989 முதல் இந்தியா பேல் ஏலுக்குத் தனி வகுப்பு அமைந்தது. சுவைத்துத் தீர்ப்புக் கூறுவதற்கு நடுவர்களைப் பயிற்றித் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் திட்டமொன்றும் 1985இல் உருவாயிற்று.

அந்நடுவர் மேசையைச் சற்று அணுகிப் பார்ப்போம். குவளைகளில் ஆலையின் பெயர் இராது, இலக்கம் மட்டும் இருக்கும். மொத்தப் புள்ளி 50. அதில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பதை நோக்குக. கல்கத்தாவில் நிறமே முதற்றகுதியாய் இருந்த காலம் எங்கே! ஊற்றிய உடனே முகர்ந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. ஏனெனில், ஹொப்பின் எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடும். கடுங்குளிரிற் கொடுத்தால் மணம் அடங்கிப்போகும். ஆதலால், குளிர்ச்சி மிதமாய் இருத்தல் வேண்டும். திராட்சை மதுவைச் சுவைப்போர் வாயிலிருந்து உமிழ்ந்துவிடுவதுண்டு. பியர் நடுவர் சிறுமிடறு விழுங்கியே ஆவர். கைப்பு கடைசியில் எழுவது. விழுங்கியபின் அது தங்கும் வகையைக் கண்டாலன்றித் தீர்ப்புக் கூறலாகாது. கைப்புக்கு எண்ணளவும் உண்டு. லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கைப்புப்பொருள் ஓர் அலகாகும். அமெரிக்க வகைக்கு 40 முதல் 70 வரை என்று விதி வகுத்துள்ளனர். ஆயினும், எண் மட்டும் தீர்ப்பாகாது. தானியத்தின் இனிப்பு தாங்கிநின்றால் 60 அலகும் மென்மையாய்த் தோன்றும். இனிப்புத் தாங்காதவிடத்து 45 அலகே முரடாய்த் தோன்றும். பாகற்காய்க் கறிக்குச் சிறிது வெல்லம் சேர்ப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குற்றங்களையும் நடுவர் பெயரிட்டு அறிவர். வெண்ணெய் மணம் எழுந்தால் நொதிப்பு முற்றுப்பெறுமுன் அவசரப்பட்டனர் என்று கொள்வர். நனைந்த காகிதமட்டையின் மணம் எழுந்தால் காற்றுப்பட்டுப் பழமையடைந்தது என்று அறிவர். வெயில் பட்ட போத்தலில், ஹொப்பின் கைப்புப்பொருள் ஒளியாற் சிதைந்து அருவருக்கத்தக்க நாற்றம் உண்டாகும். கபிலநிறப் போத்தலின் பயன் அதனைத் தடுப்பதே. எட்டுப் பத்துக் குவளைகளின் பின் எவருடைய நாவும் கைப்பால் மரத்துப்போகும். ஆதலின், இடையிடையே ரொட்டியும் நீரும் கொள்வர். வலிய வகைகளை இறுதிக்கு வைப்பர். முன்வரிசையில் வந்த மென்மையான நல்ல பியரொன்று, பின்வந்த உரத்த பியரினால் மறக்கப்படும் ஆபத்து இதனால் நீங்கிவிடுவதில்லை. இக்காலப் போட்டிகளின் பெருங்குறை இதுவென்பது என் கருத்து: உரத்துப் பேசுவோனே கேட்கப்படுகின்றான். 1990களில் எழுந்த "இரட்டை" வகையும், அண்மைக் காலத்திற் பரவிய கலங்கலான பழச்சாறு போன்ற வகையும் இவ்வழியில் வந்தவையே. தெளிவின்மை ஒருகாலத்திற் குற்றம். 2021ஆம் ஆண்டு நெறிமுறையில் கலங்கிய வகைக்குத் தனி இடமே உண்டு.

எனினும், எல்லாவற்றினும் பெரிய மாற்றம் காலத்தைப் பற்றியது. இன்றைய நடுவர் இந்தியா பேல் ஏலில் முதலில் நாடுவது புதுமை. காய்ச்சிய சில வாரங்களுக்குள் அருந்த வேண்டும், மாதங்கள் கழிந்தால் மணம் போய்விடும் என்பது ஆலைக்காரரின் எச்சரிக்கை. நமது பனங்கள்ளுக்குள்ள நியதியைப் போன்றதே இது. பழைய பேர்ட்டன் ஆலைக்காரனோ பீப்பாக்களை முற்றத்தில் அடுக்கி மாதக்கணக்கிற் கிடத்தி, அதன்பின் அரையாண்டுக் கடற்பயணத்துக்கு அனுப்பி, ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபோதே அது நல்லது என்றான். கப்பலேறிய அன்று அதனைச் சுவைப்பது காய்பறித்துக் கனியைக் குறைகூறுவதாகும்.

பீட் பிரவுன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2007ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். பேர்ட்டனிற் பழைய முறைப்படி காய்ச்சிய பியரை எடுத்துக்கொண்டு, நன்னம்பிக்கைமுனை வழியாகச் சென்ற பழைய கப்பல்களை நினைந்து இந்தியாவை நோக்கிக் கடல்வழியே புறப்பட்டார். முதற்பீப்பா கனரித் தீவுகளிற் சிதைந்துபோக, வேறொரு கொள்கலனோடு பயணத்தைத் தொடர்ந்து ஆண்டிறுதியிற் கல்கத்தாவை அடைந்தார். திறந்தபோது பியர் கெட்டிருக்கவில்லை. முதிர்ந்து, பழமணம் கமழ்ந்து இருந்ததென 2009இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார்.

ஆனால், அக்காலப் பீப்பாவொன்று, மரத்தில் ஊறிய அந்தப் பிரித்தானிய மதுவத்தோடு, அப்படியே இன்றைய நடுவர் மேசைக்கு வருமாயின் என்ன நேரும்? அம்மதுவம் தரும் தோலும் வைக்கோலும் போன்ற மணம் இந்தியா பேல் ஏல் வகுப்பிற் குற்றமாகவே எண்ணப்படும். மேற்பார்வையாளர் பொறுமையுள்ளவராயின், நெறிமுறை நூலைப் புரட்டி அதனை 28ஆம் வகுப்புக்கு, அமெரிக்கக் காட்டு ஏல்கள் அமரும் மேசைக்கு, அனுப்பிவைப்பார்.